தெக்கத்திக்காரரைப் பிடிக்கப் போன கதை

ஆரணியில் சொந்தமாகப் பன்னிரண்டு தறி வைத்திருப்பவர்களில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் அப்பன் போட்டுக் கொடுத்த தறியில் உட்கார்ந்தவர்கள். நான் அடுத்தவர் தறியில் கரை நூலை ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளிக் கொடுக்க ஏழு வயதில் உட்கார்ந்தவன். இன்றைக்கு என் கொட்டகையில் நெய்த புடவையை எந்த ஊர்க் கல்யாணத்தில் கட்டிக்கொண்டு வந்தாலும் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். காலேஜ் படித்த பையன்கள் மிஷினில் வைத்துச் சொல்லும் பட்டின் தரத்தை நான் கட்டை விரலால் நூலைத் தேய்த்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த விரலும் கண்ணும் ஒரு தடவை என்னை நன்றாக ஏமாற்றின. போன வருஷம் நடந்தது. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தறியை விட்டுவிட்டுச் செய்யாறு பக்கம் கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போக ஆரம்பித்த பிறகு, கோர்வை போட்டு நெய்ய ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் பல் தெரியாமல் சேர்த்து நெய்வதுதான் கோர்வை. நூல் கொண்டுவரும் தரகர் ஒருவர் சொன்னார், பரமக்குடிப் பக்கம் ஒருத்தர் இருக்கிறார், நல்ல கைக்காரர், குடும்பத்தோடு வரத் தயார் என்று. வரச் சொன்னேன். ஐம்பது வயது இருக்கும். கறுப்பாக, ஒல்லியாக, முகத்துக்குப் பொருந்தாத பெரிய மீசையோடு மனைவியையும், பத்தாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

எங்கள் பக்கத்தில் தெற்கு என்றால் ஒரு படம் ஏற்கெனவே மனசில் வரைந்து வைத்திருப்பார்கள். மதுரையைத் தாண்டிவிட்டால் எல்லார் வேட்டி மடிப்பிலும் அரிவாள், எல்லார் வாயிலும் சாதி, ஒரு சொல் தப்பினால் ஒரு தலை. எனக்கும் அதே படம்தான். நான் நேரில் பழகிய தெக்கத்திக்காரர்கள் என்று பார்த்தால் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் மளிகைக்கடைக்காரர், இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கூடப் பேசமாட்டார்கள். ஆனாலும் அவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டேனே தவிர, படத்தை மாற்றவில்லை.

அவருக்கு வாடகை வீடு தேடினேன். முதல் வீட்டுக்காரர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் வீடு ரிப்பேர் என்றார். இரண்டாவது வீட்டுக்காரர் வெளிப்படையாகவே சொன்னார்.

"தெக்கத்தி ஆளா? வேணாம்பா. பேசிகினு இருக்க சொல்லவே அருவாள எடுத்துடுவானுங்க. நீ தறில குந்த வச்சிக்கோ, என் வீட்டுல வேணாம்."

கடைசியில் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த போர்ஷனையே கொடுத்தேன். தயவு என்று சொல்லமாட்டேன். கண் பார்வையில் இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

எல்லாரும் அவரைப் 'பரமக்குடி' என்றே கூப்பிட்டோம். பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கொட்டகையில் மற்றவர்கள் பதினொரு மணிக்கு டீ குடிக்க எழுந்தால் அவர் எழமாட்டார். ஏன் எழவில்லை என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் எழுந்து போனார், எதற்குப் போனார் என்று சந்தேகம். குறைவாகப் பேசினால் எதையோ மறைக்கிறார், மகளோடு போனில் சிரித்துப் பேசினால் என்ன சிரிப்பு என்று தோன்றும். ஆனால் அவர் நெய்த முதல் புடவையில் கரையும் உடலும் சேர்ந்த இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல கைக்காரன் சொந்த ஊரை விட்டு ஏன் வந்தான்? அங்கே என்ன செய்துவிட்டு வந்தான்?

அந்தச் சமயத்தில் வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் வந்தது. ஒரே குடும்பத்துப் பெண்கள் ஏழு பேருக்கு ஒரே மாதிரிப் புடவை. சந்தன நிற உடல், அரக்குச் சிவப்புக் கரை. நூலைச் சாயம் போட்டுக் கொடுத்தது என் மச்சான், என் மனைவியின் தம்பி. இருபது வருஷமாக எனக்குச் சாயம் போடுகிறவன். ஏழு தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏற்றினோம். அதில் ஒன்று பரமக்குடியுடையது.

பட்டு நெய்யும்போது நாடாவில் வைத்துக் குறுக்கே ஓட்டும் ஊடை நூலைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொள்வோம். தறிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் இருக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் கொட்டகையைச் சுற்றி வரும்போது பரமக்குடி எழுந்து நின்றார்.

"மொதலாளி, தண்ணி செவக்குதுங்க."

"செவப்பு நூல நனைச்சா தண்ணி வெள்ளையாவா இருக்கும்?" என்றேன். பக்கத்துத் தறிக்காரர்கள் சிரித்தார்கள்.

"அதில்லைங்கய்யா. ஒரு தடவை செவக்கலாம். மூணு தடவை தண்ணி மாத்திட்டேன். சாயம் நிக்கல."

என் மச்சான் போட்ட சாயத்தை நேற்று வந்தவன் குறை சொல்கிறான். எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். முதலில் சாயக்காரனைக் கெட்டவனாக்குவான், அப்புறம் அவனுடைய ஊர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைப்பான். கொஞ்ச நாளில் கொட்டகை முழுக்க அவர்கள் ஆட்கள்.

"உன் வேலை நெய்யறது. அத்த மட்டும் பாரு. பேஜார் பண்ணாத," என்றேன்.

"தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்கய்யா நெய்யிறது?"

"நெய்ய முடியலன்னா எழுந்து போ."

அவர் மீசையை ஒரு தடவை தடவினார். அந்தத் தடவலை நான் அன்றிரவு என் மனைவியிடம் நாலு தடவை நடித்துக் காட்டினேன். மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொட்டகையைத் திறந்தேன். பரமக்குடியின் தறியில் துணி இல்லை. நெய்திருந்த ஒன்றரை முழத்தையும் அறுத்து எடுத்திருந்தது. கொட்டகைக்கு இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது, விடிவதற்குள் தறியில் உட்காருகிற ஆள் என்பதால்.

நெசவு தெரியாதவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்கள் ஊரில் ஓடுகிற பாவைப் பாதியில் அறுப்பது, முதலாளி முகத்தில் துப்புவதற்குச் சமம். புடவை முடிந்து முந்தானை நெய்த பிறகுதான் கத்தி வைக்கவேண்டும். நடுவில் அறுத்தவன் அந்த ஊரில் இன்னொரு தறியில் உட்கார முடியாது. சண்டை போட்டு, முதலாளி பட்டையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவன்தான் அப்படிச் செய்வான்.

போர்ஷனுக்குப் போனேன். பூட்டியிருந்தது. போன் போட்டேன். மணிச் சத்தம் பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டது. போனை வைத்துவிட்டுப் போனவன் தன்னைத் தேடக்கூடாது என்று போனவன். எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. நான் நினைத்தது சரியாகிவிட்டதே.

தெருவில் சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். மச்சானுக்குச் சொன்னேன், அவன் பைக்கில் ஓடி வந்தான்.

"நான் அன்னிக்கே சொல்லல மாமா? அவன் மூஞ்சே சரியில்ல. ஜல்தியா வாங்க, பஸ் ஸ்டாண்டுல பிடிச்சிடலாம்."

மனைவியும் மகளும் என்ன ஆனார்கள் என்று நான் யோசிக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்துச் சிறப்பு வகுப்புக்கும், மனைவி நாலு தெரு தள்ளித் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றும் வேலைக்கும் வழக்கம்போலப் போயிருந்தார்கள். கேட்டிருந்தால் பக்கத்து வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் திருச்சிக்கும் மதுரைக்கும் போகிற வண்டி எது, திருவண்ணாமலை போய் மாறுவானா என்று பார்த்துக்கொண்டே பத்தரை மணி வரை நின்றோம். டீக்கடையில் நான் கதையைச் சொல்லச் சொல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். ஒன்றரை முழத் துணி, சொல்லி முடிக்கும்போது ஒரு புடவை ஆகிவிட்டது. நான் ஆக்கவில்லை. கூட நின்றவர்கள் ஆக்கினார்கள், நான் மறுக்கவில்லை.

தெற்கே போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு முன்னால் காஞ்சிபுரம் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து பரமக்குடி இறங்கினார். தோளில் மஞ்சள் பை. எங்களைப் பார்த்ததும் நேராக எங்களிடமே வந்தார். ஓடவில்லை. ஓடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சட்டையைப் பிடித்தேன். "எங்கடா என் பட்டு?"

டீக்கடைக்காரர் பின்னாலிருந்து, "பையத் தொடாதீங்க, பையத் தொடாதீங்க. உள்ள இன்னா வச்சிருக்கானோ," என்றார். சுற்றி நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். மச்சானும் தள்ளி நின்றான்.

"கைய எடுங்கய்யா," என்றார் பரமக்குடி. குரல் உயரவில்லை. "காட்டத்தான் வந்துக்கிட்டிருக்கேன்."

பைக்குள்ளிருந்து முதலில் ஒரு வெள்ளை வேட்டி வந்தது. அவருடையது. மடிப்பைப் பிரித்தார். வேட்டி நடுவில் நெடுக்கச் சிவப்பு, ரத்தம் பட்ட மாதிரி. ஒரு ஆள் "ஐயோ" என்றான். அதற்குள்ளிருந்து என் துணி வந்தது. சந்தன நிறம் என்று நான் கொடுத்த உடல் கரையோரம் நாலு விரல் அகலத்துக்குக் கலங்கிய ரோஸ் ஆகியிருந்தது.

"ராத்திரி பூந்திக்கொட்டைத் தண்ணில அலசி, என் வேட்டிக்குள்ள வச்சு அமுக்கி எடுத்தேன். விடிஞ்சதும் காஞ்சிபுரத்துல எனக்குத் தெரிஞ்ச சாயக்காரர்ட்ட காட்டிட்டு வாரேன். அடுப்புல சூடு பத்தல, பாதி வேக்காட்டுல எடுத்துட்டாய்ங்கங்கிறாரு. கல்யாண மண்டபத்துல வேர்த்தாப் போதும், கட்டின பொம்பளை மேலெல்லாம் ஊத்தும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "நேத்து வாயால சொன்னேன், நீங்க கேக்கல. எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்த பழக்கம் இது. கெட்டதுன்னு தெரிஞ்சா மேல ஒரு இழை ஓட்டக்கூடாது. அறுத்து மொதலாளி கையில குடுக்கணும். அறுத்த கூலி நமக்கு வேணாம்."

"போனை ஏன் உட்டுட்டுப் போன?" என்றேன். எனக்கு எதையாவது கேட்கவேண்டியிருந்தது.

"மறந்துட்டேங்க," என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. காலையில் அறுத்த தறியைப் பார்த்தபோது, பாவு நுனிகள் கொத்துக் கொத்தாக முடிந்திருந்தன. இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சிலிருந்து ஒரு இழைகூட நழுவாமல் இருக்கப் பொறுமையாக ஒரு ஆள் உட்கார்ந்து போட்ட முடிச்சுகள். திருடிக்கொண்டு ஓடுகிறவன் அப்படி முடிச்சுப் போட்டுவிட்டா ஓடுவான்? அறுபது வருஷம் தறி பார்த்த கண் அந்த முடிச்சைப் பார்த்தது. பார்த்தும் எனக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் எடுத்துக்கொண்டது.

கொட்டகைக்குப் போய் மற்ற ஆறு தறியிலும் என் கையாலேயே ஈரத்துணி வைத்துத் தேய்த்தேன். ஆறிலும் சிவப்பு இறங்கியது. பழைய ஆட்களைக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னோடு பதினைந்து வருஷம் இருப்பவர் கடைசியில் சொன்னார். "தெரிஞ்சிதுங்க. மச்சான் போட்டது. நாங்க இன்னா சொல்றது? அந்தாளு சொன்னாரே, நீங்க இன்னா பேசினீங்க, பாத்துகினுதான இருந்தோம்."

எல்லாம் எங்கள் ஊர் ஆட்கள். பேச்சு நம் பேச்சு, சாமி நம் சாமி. ஏழு பேரில் ஆறு பேர் தெரிந்தே நெய்துகொண்டிருந்தார்கள். மச்சானைக் கூப்பிட்டேன். விறகு ஈரம் என்றான், தண்ணீரில் உப்பு என்றான். கடைசியில், "ஒரு தெக்கத்தியான் பேச்சக் கேட்டுகினு என்னை நிக்க வச்சுக் கேக்கறீங்களா மாமா?" என்றான். அந்த வார்த்தை நேற்று வரைக்கும் எனக்கு இனித்திருக்கும்.

பல வருஷத்துக்கு முன்னால் ஜரிகை வாங்கச் சூரத் போயிருந்தேன். லாட்ஜில் என்னை 'மதராசி' என்றான் மேனேஜர். மதராசிகள் துண்டு, தலையணை உறையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லி, நான் கிளம்பும்போது எல்லார் எதிரிலும் என் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். அந்தக் கதையை நான் நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். அவனை எப்படித் திட்டினேன் என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். உண்மையில் நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பரமக்குடி வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்த மாதிரியேதான்.

அன்று மாலை பின்பக்கப் போர்ஷனுக்குப் போனேன். மகள் அழுத முகத்தோடு உள்ளே போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் அதற்குள் யாரோ, உங்கப்பனைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிட்டார்களாமே என்று கேட்டிருக்கிறார்கள். அவருடைய மனைவி ஒரு நாற்காலியைப் போட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா," என்றேன்.

"எங்களுக்குத் தெரிஞ்சதுதானங்கய்யா," என்றார் அந்த அம்மா. "கெளம்பையிலயே எங்க ஊர்ல சொன்னாய்ங்க. வடக்கத்தி ஆளுக வாங்க போங்கன்னு சிரிச்சுப் பேசிக் கழுத்தறுப்பாய்ங்க, வெவரமா இருங்கன்னு. நாந்தேன் நம்பல. வந்த நாள்ல இருந்து நீங்க எங்களையே பாத்துக்கிட்டு இருந்தீங்கள்ல. நாங்களும் உங்களைப் பாத்துக்கிட்டுத்தேன் இருந்தோம்."

"சும்மா இரு," என்றார் அவர்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? நீங்க சும்மா இருந்ததாலதேன் சட்டையப் பிடிச்சாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என்னைச் சந்தேகப்பட இந்த ஊரில் ஒரு ஆள் உண்டா என்று திரிந்தவன் நான். என் வீட்டுப் பின்பக்கத்திலேயே வந்த நாளிலிருந்து என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு குடும்பம் இருந்திருக்கிறது.

பரமக்குடி ஒன்றே ஒன்று கேட்டார். "எங்கிட்டச் சொன்னது போதாதுங்கய்யா. எங்க வச்சுச் சட்டையப் பிடிச்சீங்களோ, அங்க வச்சுச் சொல்லணும். இல்லேன்னா மகளுக்குப் பரீட்சை முடிஞ்சதும் கெளம்பிருவோம். திருடன்னு பேரு வாங்கிட்டு இங்கிட்டு இருக்க முடியாது."

இரண்டு நாள் போகவில்லை. வேறு வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். எந்த வேலையும் இல்லை. சொந்தக் காலில் நின்று வந்தவனுக்கு, நான் தப்பு என்று நாலு பேர் எதிரில் சொல்வது பழக்கமில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அதுவரை வந்ததில்லை. மூன்றாம் நாள் காலை அவரையும் கூட்டிக்கொண்டு அதே டீக்கடைக்குப் போனேன். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். செய்வதை முழுசாகச் செய்யவேண்டும்.

"அன்னிக்கு இவரைத் திருடன்னு சொன்னது நான். இவர் திருடல. என் துணியோட பேரக் காப்பாத்தினவரு இவரு. தப்பு என்னுது, சாயம் எங்க மச்சானுது," என்றேன்.

யாரும் கை தட்டவில்லை. டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "இன்னா மொதலாளி, உங்களையே மயக்கிட்டானா? மச்சானக் காட்டிக் குடுக்கற அளவுக்குப் போயிட்டீங்க."

"இவரு வேட்டியில இருந்துச்சே செவப்பு, நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். அவனே பூசிகினு வந்திருந்தா?"

இந்தப் பேச்சுக்கு எங்கே முடிவு? மூன்று நாள் முன்னால் நானே இதைத்தான் சொல்லியிருப்பேன். பரமக்குடி என் தோளைத் தொட்டு, "போதும், வாங்கய்யா," என்றார். டீ குடிக்காமலே வந்தோம்.

வேலூர்க்காரர்களிடம் கல்யாணப் புடவைகள் கைக்கு வர இரண்டு வாரம் தாமதமாகும் என்று நானே நேரில் போய்ச் சொன்னேன். வேறு சாயப்பட்டறையில் நூலைக் கொடுத்துப் புதுப் பாவு ஏற்றினோம். மச்சான் என்னோடு பேசுவதில்லை. என் மனைவி பேசுகிறாள், ஆனால் சோறு போடும்போது கரண்டிச் சத்தம் அதிகமாகக் கேட்கிறது. பரமக்குடி பரீட்சைக்குப் பிறகும் கிளம்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகள் இங்கேயே பதினொன்றாவது சேர்ந்தாள்.

போன மாதம் எனக்கு இன்னும் இரண்டு கைக்காரர்கள் தேவைப்பட்டார்கள். பரமக்குடியிடம் கேட்டேன், உங்கள் பக்கம் ஆள் இருக்கிறதா என்று. தன் மனைவியின் தம்பி ஒருவர் இருக்கிறார் என்றார். போன் போட்டுக் கொஞ்சம் பேசிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பேசுங்கய்யா. வரலாமான்னு கேக்குறான். நான் ஒண்ணுஞ் சொல்லல."

போனை வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு தறி, என் துணிக்கு இருக்கிற பெயர், ஏழு வயதில் நாடா தள்ளிய கதை எல்லாம் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அந்தப் பக்கத்திலிருந்து முந்திக்கொண்டு கேள்வி வந்தது.

"ஐயா, எங்க மச்சான் சட்டையப் பிடிச்சது நீங்கதேனா?"

"ஆமாப்பா. நான்தான்."

தூரத்தில் தறி ஓடுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"சரிங்கய்யா. யோசிச்சுச் சொல்றேன்," என்றார் அவர்.

ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாராம்.